வவுச்சர் வாங்கின மருமகனுக்கு

போகாத பயணத்துக்குக் கட்டின காசத் திருப்பிக் கேக்கப் போறதுக்கு முந்தி, மருமகனே, மூஞ்சியில இருக்குற சிரிப்பக் கழட்டி வீட்டு ஆணியில மாட்டிட்டுப் போகணும். காசு குடுக்குறப்ப சிரிச்சது சரி. வாங்கப் போறப்பவும் சிரிச்சா, ஏசண்டு ஒரு சாயத்தண்ணி ஊத்திக் குடுத்து, "அண்ணே, அடுத்த கெழம வாங்க"ன்னு அனுப்பிடுவான். நம்ம ஆளுகளுக்கு ஒரு சாயத்தண்ணி போதும். கடன்ல பாதி வந்துருச்சுங்கிற சந்தோசத்துல படியெறங்கி வந்துருவோம்.

இப்ப எதுக்கு இந்தப் பேச்சுன்னு பாக்குறியா? நீ மறுபடியும் மதுரைக்கு ஆள் சேக்குறேன்னு பீலிக்கரையில பொம்பளைங்க பேசிக்கிட்டாங்க. மீனாட்சி கல்யாணம், அழகர் ஆத்துல எறங்குறது, அப்படியே பழனி, திருச்செந்தூர், ராமேஸ்வரம், கடைசியா சென்னையில துணிக்கடை. சாமிக்கு நாலு நாளு, சீலைக்கு ரெண்டு நாளு. நல்ல ஏற்பாடு. புது நோட்டு வாங்கி மொதப் பக்கத்துல புள்ளையார் சுழியும் போட்டுட்டியாம். பழைய நோட்டு எங்கடா?

நீ மறந்திருப்ப. எனக்கு மறக்காது. வயசானவனுக்கு நேத்து ராத்திரி தின்னது மறக்கும். யார் யாருக்குக் காசு தரணும்ங்கிறது மட்டும் மறக்காது. 2020ல, மாசிப் பனியில, நீ லயம் லயமா ஏறி எறங்கின. தலைக்கு 55,000 ரூவான்ன. அப்ப தேயிலைத் தோட்டத்துல அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 700. வகுத்துப் பாரு, ஏறக்கொறைய எம்பது நாள் வேலைக்குப் பேரு போட்டாத்தான் ஒருத்தி மீனாட்சியப் பாக்கலாம். அதுவும் அந்த எம்பது நாளும் வீட்டுல அடுப்பு எரியாம இருந்தா. ஒருத்தி சீட்டு எடுத்துக் குடுத்தா. ஒருத்தன் தீவாளி முற்பணத்துல வேட்டி எடுக்காமப் பொத்தி வச்சுக் குடுத்தான். நீ அத்தனையும் வாரிக் கட்டிக்கிட்டு, அட்டன்ல மாடிப்படிக்கு மேல கடை வச்சிருந்த ஏசண்டுகிட்டக் கொண்டு போய்க் கொட்டின. அவன் மேசைக் கண்ணாடிக்குக் கீழ தாஜ்மகால் படம் வச்சிருந்தானாம். மதுரைக்குப் போறவனுக்கு தாஜ்மகால் எதுக்குன்னு உனக்கு அப்பவே தோணியிருக்கணும். பில்லு எங்கடான்னு நான் கேட்டதுக்கு, "நம்ம ஆளுதானே மாமா"ன்ன.

நம்ம ஆளுங்கிறவன்கிட்டத்தான் பில்லு கேக்கணும். அடுத்தவன் கேக்காமலே குடுத்துருவான்.

பங்குனி பொறந்துச்சு, கூடவே கொரோனாவும் வந்துச்சு. மார்ச் 19ஆந் தேதி கட்டுநாயக்காவுல பிளேன்ல ஆள் வந்து எறங்குறத நிப்பாட்டினாங்க. 20ஆந் தேதி சாயந்தரம் 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. 25ல இருந்து இந்தியாவும் கதவப் பூட்டிருச்சு. ஊரடங்கு ஊருக்குத்தானே, தேயிலைக்கு இல்லையே. கொழும்புல இருந்தவன் வீட்டுக்குள்ள உக்காந்து பலாக்கொட்டை அவிச்சுத் தின்னுக்கிட்டுப் பொழுது போகலன்னான். நம்ம பொம்பளைங்க வாயில துணியக் கட்டிக்கிட்டு, தள்ளித் தள்ளி நின்னு கொழுந்து எடுத்தாங்க. உலகம் பூரா விடுமுறை ரத்தாப் போச்சேன்னு அழுதப்ப, ரத்துப் பண்ண ஒரு விடுமுறையும் இல்லாத கூட்டம் நாமதான். ஆயுசுக்கு ஒண்ணா இருந்ததையும் உன் நோட்டுல எழுதிக் குடுத்திருந்தோம்.

அந்த வருசம் அழகரே ஆத்துல எறங்கல, அழகர்கோயில்லயே இருந்துக்கிட்டாரு. மீனாட்சிக்கு மே 4ஆந் தேதி கல்யாணம், கோயிலுக்குள்ள குருக்கள்மாரு மட்டும் நின்னு நடத்துனாங்க, சனமெல்லாம் போன்ல பாத்துச்சு. என் பேத்தி போனத் தூக்கிக்கிட்டு சிக்னல் தேடி மேட்டு ரோட்டுக்கு ஓடினா. பின்னாலயே உங்க அத்த, குளிச்சு முழுகி, நெத்தியில துன்னூறோட. சரியாத் தாலி கட்டுற நேரத்துல படம் நின்னுபோய் நடுவுல ஒரு வட்டம் சுத்துச்சு. உங்க அத்த அந்த வட்டத்தப் பாத்துக் கன்னத்துல போட்டுக் கும்பிட்டா. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுச்சு, பொண்ணு மாப்பிள சௌக்கியம். நாம எழுதின மொய் எங்க போச்சுன்னுதான் தெரியல.

ஊரடங்கு தளந்ததும் நீ அட்டனுக்குப் போன. ஏசண்டு சொன்னது எனக்கே மனப்பாடம், நீ அத்தன தடவ வந்து ஒப்பிச்சிருக்கியே. காசு கொழும்புல இருக்குற பெரிய டிக்கெட்டுக்காரன்கிட்ட இருக்காம். அவன் பிளேன் கொம்பனிக்குக் கட்டிட்டானாம். பிளேன் கொம்பனி பிளேனையே நிப்பாட்டி வச்சிருக்காம். மதுரை ஓட்டல்காரன் போன எடுக்க மாட்டேங்கிறானாம். இதுல எதுவும் முழுப் பொய் இல்லங்கிறதுதான் வேடிக்கை. பிளேன் கொம்பனிக்காரன் ஆறு மாசம் கழிச்சுப் பறக்கப் போறவன் காச வாங்கித்தான் இன்னைக்குப் பறக்குற பிளேனுக்கு எண்ணெய் ஊத்துறான். திடீர்னு எல்லாரும் திருப்பிக் கேட்டா அவன்கிட்ட எது? உலகத்து விமானக் கொம்பனிகளோட சங்கம் அந்த நேரத்துல கணக்குப் பாத்துச்சு: ஜூன் முடியுறதுக்குள்ள திருப்பிக் குடுக்க வேண்டிய டிக்கெட்டுக் காசு மட்டும் 3,500 கோடி டொலர் வரும்ன்னாங்க. நெறையக் கொம்பனிங்க என்ன பண்ணுச்சு தெரியுமா? ஏசண்டுமாரு கம்பியூட்டர்ல, காசத் திருப்புறதுக்குன்னு இருந்த வழியையே அடைச்சுருச்சு. அதனால உன் ஏசண்டு கையப் பிசைஞ்சதுல பாதி நெசம்.

ஆனா அந்த வரிசையப் பாரு. கொம்பனிக்காரன் நாட்டத் தாண்டி இருக்கான், கொழும்புக்காரன் கொம்பனியக் காட்டுறான், அட்டன்காரன் கொழும்பக் காட்டுறான், நீ அட்டனக் காட்டுற. லயத்துச் சனத்துக்குக் காட்டுறதுக்கு யார் இருக்கா? உன்னையத்தான் காட்டுச்சு. நீ கொஞ்ச நாள் கடைத்தெருவுக்கு வராம கொல்லப்பக்கமா மலை ஏறிப் போனத நானும் பாத்தேன். பாவமாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் சிரிப்பும் வந்துச்சு, இல்லன்னு சொல்லல.

நீ அட்டன்ல எப்படிப் பேசியிருக்கணும்னு கேட்டா, ஒரு நாளைக்கு நிறுவையில போய் நின்னு உங்க அத்தையப் பாருன்னுதான் சொல்வேன். நம்ம டயகமவுல மழைக்கு என்ன பஞ்சம்? நனைஞ்ச கொழுந்தோட வந்து தராசுல சாக்க வைப்பா. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு கணக்கப்புள்ள கழிப்பாரு. உங்க அத்த சாக்க விட்டுக் கைய எடுக்க மாட்டா. "ஈரத்த நானா வீட்டுலேர்ந்து கொண்டாந்தேன்? அது மானத்துலேர்ந்து வந்தது. மானத்துக்கிட்டக் கழிச்சுக்கங்க"ன்னு நிப்பா. பின்னால வரிசையில நிக்கிற அம்பது பேரும் நனைஞ்சுக்கிட்டே அவளுக்கு ஒத்து ஊதுவாங்க. கடைசியில அந்த ஒரு கிலோவ எழுத வச்சுட்டுத்தான், அதுவும் எழுதுறத எட்டிப் பாத்துட்டுத்தான் நகருவா. ஒரு கிலோவுக்கு இந்த ஆட்டம் ஆடுற மனுசி, 55,000 போனப்ப என்ன சொன்னா? "விடுங்க, சாமிக்கு எடுத்து வச்ச காசு, வாயால கேக்கக் கூடாது"ன்னா.

அதுதான்டா விசயம். கொழுந்துக் காசு வேர்வைக் காசு, அதச் சண்ட போட்டுக் கேக்கலாம். ஊர் சுத்தக் கட்டின காசக் கேக்க நமக்கு நாக்குக் கூசுது. தோட்டத்துல பொறந்தவளுக்குச் சுத்துலா ஒரு கேடான்னு எவனாச்சும் நெனைச்சுருவானோன்னு பயம். ஏசண்டுக்கு நம்ம நிலமை முழுக்கத் தெரியும். "உலகமே செத்துக்கிட்டு இருக்கு, நீங்க டிக்கெட்டுக் காசக் கேக்குறீங்களேண்ணே"ன்னு ஒரு வார்த்தை விட்டான் பாரு, அப்படியே உன் தலை கவுந்துருச்சு. உலகம் செத்துக்கிட்டு இருந்தப்ப அவன் கடை வாடகையக் கேக்க வந்தவன்கிட்ட இதையே சொல்லிப் பாத்தானான்னு நீ கேட்டிருக்கணும். அப்புறம் சேவைக் கட்டணம்ன்னான், விசா வேலைக்கான செலவுன்னான். போகாத ஊருக்கு எவன்டா விசா குத்தினான்? நிறுவையில ஈரத்துக்குக் கழிக்கிற அதே கைதான் அது. அங்க உங்க அத்த இருந்தா, இங்க நீ இருந்த.

கடைசியா ஒரு கடதாசியக் குடுத்து உன்னைய அனுப்புனான். பளபளன்னு இருந்துச்சு, ஓரத்துல பூ வேற. வவுச்சராம். நீ அத ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வந்து என்கிட்டக் காட்டின. எனக்கு எங்க தாத்தன் கால நெனப்பு வந்துருச்சு. அப்ப துண்டுன்னு ஒண்ணு இருந்துச்சு, உனக்குத் தெரியாது. தொரை எழுதிக் குடுக்குற கடதாசி அது: இந்தக் கங்காணியும் அவன் ஆளுகளும் இவ்வளவு கடன், அத எந்தத் தோட்டத்துத் தொரை கட்டுறாரோ அவரு கூட்டிக்கிட்டுப் போகலாம். கடல் தாண்டி வந்த செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அந்தக் கடன்ல ஏறியிருக்கும். 1921ல சட்டம் போட்டு அத ஒழிச்சாங்க. துண்டு கடன்பட்டவனக் கட்டிப் போட்டுச்சு. உன் வவுச்சர் கடன் குடுத்தவனையே கட்டிப் போடுது. வெள்ளைக்காரனுக்குக் கூட இந்த ரோசன வரலடா. கீழ பொடி எழுத்துல என்ன இருந்துச்சுன்னு பேத்திய விட்டு வாசிக்கச் சொன்னேன்: இதே கடையில மட்டும்தான் பாவிக்கலாம், 2021 டிசம்பருக்குள்ள பாவிக்கணும், வெல கூடினா மிச்சத்த நாம கட்டணும், வேற ஆளுக்கு மாத்த ஏலாது, காசாக் கேக்க ஏலாது. இந்தியா வெளிநாட்டுப் பிளேன் சேவைய வழக்கப்படி மறுபடி தொறந்தது 2022 மார்ச் 27ஆந் தேதி. கடதாசி அதுக்கு மூணு மாசம் முந்தியே கண்ண மூடிருச்சு. கருமாதிக்குக் கூட உன் ஏசண்டு வரல.

தாத்தன் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன். தனிமைப்படுத்தல், முகாம்னு டீவியில சொன்னப்ப எல்லாரும் என்னமோ புதுசுன்னு பயந்தாங்க. தாத்தன் காலத்துல நம்ம ஆளுகள அக்கரையில மண்டபம் முகாம்ல அடைச்சு வச்சு, குளிப்பாட்டி, அம்மை குத்தி, காலரா கீலரா இல்லன்னு பாத்துத்தான் தலைமன்னாருக்கு ஏத்துனாங்க. அந்தப் பயணத்த மட்டும் எந்த நோய் வந்தும் எவனும் ரத்துப் பண்ணல பாரு. ரத்தாகியிருந்தா நாமெல்லாம் அங்கயே இருந்திருப்போம், தலைக்கு 55,000 மிச்சம்.

லயத்துல பொறந்ததாலதான் ஏமாந்தோம்னு மனசு உடையாத. பேத்தி போன்ல வாசிச்சுச் சொல்லுவா, உலகம் பூரா இதே கூத்துதான். கனடாவுல பெரிய கொம்பனி ஏர் கனடா. பறக்காத டிக்கெட்டுக்கு ஒரு வருசத்துக்கு மேல நெறையப் பேருக்கு வவுச்சரையே காட்டிக்கிட்டு இருந்துச்சு. 2021 ஏப்ரல்ல அரசாங்கம் 590 கோடி கனடா டொலர் வரைக்கும் கை குடுக்குறேன்னு வந்து, அதுக்குப் பதிலா சனத்தோட காசக் குடுன்னு சொன்ன பெறகுதான் பை அவுந்துச்சு. அமெரிக்காவுல 2022 நவம்பர்ல ஆறு விமானக் கொம்பனிகள உலுக்கி 60 கோடி டொலருக்கு மேல திருப்பிக் குடுக்க வச்சாங்க. அதுல ஏர் இந்தியா மட்டும் 12 கோடியே 15 லட்சம் டொலர், அபராதம் வேற 14 லட்சம். ஐரோப்பாவுல கேக்கவே வேணாம், பிளேன் ரத்தானா ஏழு நாளு, மொத்தச் சுத்துலாவும் ரத்தானா பதினாலு நாளுன்னு சட்டமே இருக்கு. இருந்தும் அரசாங்கங்களே பன்னெண்டு சேந்து போய், வவுச்சர் குடுத்தாப் போதும்னு ஆக்குங்கன்னு மேலிடத்துல கேட்டுச்சாம். மேலிடம், வவுச்சரு வேணும்னா குடுங்க, ஆனா காசு கேக்குறவனுக்குக் காசுதான்னு சொல்லிருச்சு.

நான் உக்காந்து ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னது இந்தியக் கதைய. பிரவாசி லீகல் செல்னு ஒரு அமைப்பு வழக்குப் போட்டு, 2020 அக்டோபர் 1ஆந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லுச்சு. ஊரடங்கு நேரத்துப் பயணத்துக்கு, அந்த ஊரடங்குக்குள்ளயே டிக்கெட் எடுத்திருந்தா முழுக்காசும் உடனே. முந்தியே எடுத்தவனுக்கு 15 நாளுக்குள்ள குடுக்கப் பாக்கணும். கொம்பனி ரொம்ப நொடிச்சுப் போயிருந்தா, 2021 மார்ச் 31 வரைக்கும் பாவிக்கிற வரவுக் கணக்கா வச்சுக்கலாம். இங்கதான் நீதிபதிமாரு உங்க அத்தையோட சாக்கப் புடிச்சிருக்காங்க: சும்மா வச்சுக்க ஏலாது, 2020 ஜூன் முடியுற வரைக்கும் மாசத்துக்கு 0.5 வீதம், அதுக்கு மேல 0.75 வீதம் கூட்டிக் குடுக்கணும். எந்த ஊருக்கு வேணும்னாலும் பறக்கலாம். வேற ஆளுக்கும் மாத்திக் குடுக்கலாம். தேதி முடியுற வரைக்கும் பாவிக்கலன்னா காசாவே குடுத்துரணும். ஏசண்டு வழியா எடுத்திருந்தா, அவன் கணக்குக்கு வந்த காச அவன் உடனே பயணிகிட்டக் குடுக்கணும். உன் வவுச்சரோட பொடி எழுத்த ஒண்ணொண்ணாத் திருப்பிப் போட்டா இந்தத் தீர்ப்பு வரும்.

தீர்ப்பு வந்துருச்சு, காசு வந்துருச்சான்னு கேளு. யாத்ரான்னு ஒரு இணையத்துல டிக்கெட் விக்கிற கொம்பனி. 2021ல அவங்ககிட்ட நின்ன கொரோனாப் பதிவு 36,000க்கு மேல, காசு 26 கோடி ரூவாக்கு மேல, இந்திய ரூவா. 2024 ஜூன்ல கூட 4,837 பதிவு, ரெண்டரைக் கோடி மிச்சம் இருந்துச்சு. நாலு வருசம்டா! அங்க இருக்குற நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு உத்தரவு போட்டுச்சு. நுகர்வோர் உதவி நம்பர் இருக்குற எடத்துல அஞ்சு பேரத் தனியா உக்கார வை, சம்பளத்த நீ குடு, ஒவ்வொருத்தனுக்காப் போனப் போட்டு "ஐயா, உங்க கொரோனாக் காசு தர்றோம்"னு சொல்லச் சொல்லு. வாங்கினவன் போன் போட்டுக் கூப்புட்டுக் குடுத்ததா என் ஆயுசுல நான் கேட்டதில்ல. அதச் செய்ய வைக்கிறதுக்கு ஒரு அரசாங்கமே வேண்டியிருந்திருக்கு.

நம்ம ஏசண்டு முழுசா முழுங்கிட்டான்னு நான் பழி போட மாட்டேன். 2022ல, நீ நடையா நடந்து, பாதிக் காச வாங்கிட்ட. பாதி வந்துருச்சுன்னு லயத்துல வெடி போடாத கொறை. பாதியாடா வந்துச்சு? 2020 மார்ச்சுல டொலர் 185 ரூவா சொச்சம். 2022 மே மாசம் 360. செப்டம்பர்ல கொழும்புல வெலவாசி போன வருசத்த விட 69.8 வீதம் ஏறி நின்னுச்சு. நாம குடுத்தது மதுரைக்குப் போற காசு. நமக்கு வந்தது மா வாங்குற காசு, அதுவும் கொஞ்ச நாளைக்கு. அவன் ஒரு நாளும் குடுக்க மாட்டேன்னு சொல்லல, கவனிச்சியா? "குடுக்குறோம், குடுக்குறோம்"னுதான் ரெண்டு வருசமும் சொன்னான். சேவைக் கட்டணத்துல புடிச்சத விட அந்தக் "குடுக்குறோம்"ல புடிச்சதுதான் ஜாஸ்தி.

எல்லாரும் அப்படின்னும் சொல்ல மாட்டேன். என் சின்னவன் அப்ப நுவரெலியாவுல ஒரு சின்ன பங்களாவப் பாத்துக்கிட்டு இருந்தான். ஏப்ரல் சீசன்தான் அந்த ஊருக்கு வருசச் சாப்பாடு. குதிரைப் பந்தயம், பூக் கண்காட்சின்னு கொழும்பே மலை ஏறி வரும். 2019ல ஈஸ்டர் ஞாயித்துக்கெழமக் குண்டு அந்தச் சீசன பாதியில அறுத்துச்சு. 2020ல சீசனே இல்ல. 2018ல இந்த நாட்டுக்கு 23 லட்சம் பேருக்கு மேல வெளிநாட்டுக்காரன் வந்தான். 2020ல வந்தது 5,07,704 பேரு, அதுலயும் ஏறக்கொறைய அத்தனை பேரும் கதவப் பூட்டுறதுக்கு முந்தி வந்தவன். பங்களாக்காரரு வாங்கின முற்பணத்துல கூரைக்குத் தகரம் மாத்தியிருந்தாரு. தகரத்தத் திருப்பிக் குடுக்க முடியுமா? மனுசன் என்ன பண்ணுனாரு தெரியுமா, ஊரடங்குல உக்காந்து, பதிஞ்சிருந்த ஒவ்வொருத்தருக்கும் தானே போன் போட்டாரு. "உங்க காசு கூரையில இருக்கு. அடுத்த வருசம் வாறதுன்னா இதே வெலைக்கு வாங்க. காசுதான் வேணும்னா ரெண்டு தவணையில தாறேன், இன்ன தேதி, இன்ன தேதி"ன்னாரு. சின்னவன் பக்கத்துல உக்காந்து தேதி எழுதினானாம். பாதிப் பேரு காசே வேணாம், வாறோம்னுட்டாங்களாம். மத்தவங்களுக்குச் சொன்ன தேதிக்கு, ஒரு தவணை மட்டும் பத்து நாள் பிந்தி, போய்ச் சேந்துச்சு. அதுக்கும் முந்தியே ஒரு போன். கையில காசு இல்லாத அந்த மனுசன்தான் போனத் தேடி எடுத்தாரு.

சரி, இப்ப உன் புது நோட்டு. காசு கட்டுறதுக்கு முந்தி அந்தக் கடை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில பதிஞ்சிருக்கான்னு கேளு. 2005ஆம் வருசத்துச் சட்டப்படி பயண முகவருக்கு அனுமதி வேணும். சுவத்துல மாட்டியிருப்பான், மாட்டலன்னா ஏன்னு கேளு. தாஜ்மகால அப்புறம் பாத்துக்கலாம். பில்லுல கடை பேரு, யாருகிட்டக் குடுத்த, எதுக்குன்னு பிரிச்சு எழுதச் சொல்லு: டிக்கெட்டுக்கு இவ்வளவு, ரூமுக்கு இவ்வளவு, அவன் கூலி இவ்வளவு. மொத்தமா எழுதினா, பின்னால எது போச்சுன்னு அவன் சொல்றதுதான் கணக்கு. பேங்குல கட்ட முடிஞ்சா கட்டு, சீட்டு மிஞ்சும். நோய் வந்தா, பிளேன் நின்னா, கோயில் பூட்டினா என்ன செய்வேன்னு இப்பவே எழுதி வாங்கு. அவன் சிரிச்சுக்கிட்டு இருக்குறப்பத்தான் எழுதி வாங்க முடியும்.

அப்படியும் இழுத்தடிச்சா, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கு. நம்பர் 1977. ஜே.ஆர். ஆட்சிக்கு வந்த வருசம், எங்க வயசுக்காரனுக்கு அந்த வருசத்த மறக்க வழியில்ல, அந்த நம்பரயும்தான். ஆனா போன்ல அழுதாப் போதாது, எழுதிக் குடுக்கணும், தமிழ்லயே எழுதலாம். 2003ஆம் வருசத்துச் சட்டத்துல மூணு மாசம்னு ஒரு கெடு இருக்கு, அத மட்டும் நெனப்புல வை. "அடுத்த கெழம வாங்க"ன்னு பதிமூணு தடவ சொன்னா மூணு மாசம் ஆச்சா இல்லையா? அவனுக்குக் கணக்குத் தெரியும். அதுக்கப்புறம் மத்தியஸ்த சபை. 1988ல கொண்டாந்தது; பெரும்பாலும் லீவு நாள்ல ஏதாச்சும் ஒரு பள்ளிக்கூடத்துல கூடும். லோயர் வர ஏலாது, அதனால செலவு கொறைவு, வாய் உள்ளவன் பொழைக்கலாம். நீ போகாத. உங்க அத்தையக் கூட்டிக்கிட்டுப் போ. பேசித் தீரலன்னா, தீரலன்னு ஒரு கடதாசி குடுப்பாங்க, அத வச்சுக்கிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போகலாம். பழைய பாதிக் காசுக்கு இப்ப போனா கெடு எப்பவோ தாண்டிருச்சும்பாங்க, அது உன் தலைவிதி. ஏசண்டு அந்த மாடிய விட்டுக் காலி பண்ணிட்டான். இப்ப அங்க போனுக்குக் கவர் விக்கிறாங்க.

என்ன முழிக்கிற? நோட்ட எடு. எனக்கும் உங்க அத்தைக்கும் பேர் போடு. இந்தா முற்பணம், எண்ணிக்க. எண்ணிட்டியா? பில்லக் குடு.

"என்ன மாமா, என்கிட்டயே பில்லா?"

உன்கிட்டத்தான்டா மொதல்ல. அட்டன்காரன எனக்கு யாருன்னே தெரியாது, நான் காசு குடுக்குறது உனக்கு. கார்பன் வச்சு எழுது. பேரு, அடையாள அட்டை நம்பரு, தொகை, இன்னையத் தேதி. இப்ப அதுக்குக் கீழ: பயணம் நடக்கலன்னா காசு திருப்பித் தரப்படும். எப்பன்னு எழுதுற? கொண்டா பாப்போம்... "விரைவில்"லா? வெட்டுடா அத. நாள் கணக்குப் போட்டு எழுது. அத்தைக்கு ஜன்னல் பக்கம்னும் எழுதிரு.